அம்மையை வரவழைக்கலாமா? சின்னம்மையும் ஊசியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் போன பங்குனியில் இரண்டாம் மாடிக் குழந்தைக்கு முத்துப் போட்டது. மறுநாளே கீழ்வீட்டு மருமகள் என்னிடம் வந்து, “சிஸ்டர், என் பொண்ணை ஒரு மணி நேரம் அங்க விளையாட விடட்டுமா? இப்பவே வந்து போயிட்டா நிம்மதி” என்றாள். மாநகராட்சி சுகாதார நிலையத்தில் 29 வருஷம் தடுப்பூசி போட்டவள் நான். ஓய்வு பெற்ற பிறகும் மாடிப்படியில் கேள்வி ஓய்வதில்லை. அவள் கேட்டதும், அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் கேட்டதும், நான் சொன்னதும்தான் இந்தப் பக்கம். நான் டாக்டர் இல்லை. உங்கள் குழந்தைக்கு எந்த மருந்து, எந்த ஊசி என்பதைக் குழந்தையைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேணும்னே ஒட்டவைக்கிறதுன்னா என்ன பண்றாங்க?

அம்மை போட்ட குழந்தையின் வீட்டுக்கு மற்ற குழந்தைகளைக் கூட்டிப்போய், ஒரே பாயில் விளையாட விட்டு, ஒரே டம்ளரில் ஜூஸ் கொடுத்து, தொற்றை வாங்கிக்கொண்டு திரும்புவது. மேல்நாடுகளில் இதற்கு ‘பாக்ஸ் பார்ட்டி’ என்று பெயரே உண்டு. தடுப்பூசி இல்லாத காலத்தில் அதில் ஒரு கணக்கு இருந்தது. எப்படியும் எல்லோருக்கும் வரப்போகிற நோய், பெரியவர்களானபின் வந்தால் கடுமையாக வரும், ஆகவே சின்னதிலேயே முடித்துவிடலாம் என்று நினைத்தார்கள். ஊசி வந்தபிறகும் சிலர் அந்தக் கணக்கை விடவில்லை. 2011-ல் அமெரிக்காவில், அம்மை வந்த குழந்தை நக்கிய குச்சிமிட்டாயைத் தபாலில் விற்கும் அளவுக்குப் போய், அது மத்தியச் சட்டப்படி குற்றம் என்று டென்னசி மாநிலத்தில் அரசு வழக்கறிஞர் எச்சரிக்க வேண்டியிருந்தது. 2019-ல் கென்டக்கி மாநில ஆளுநராக இருந்த மேட் பெவின், தன் 9 பிள்ளைகளையும் வேண்டுமென்றே அம்மை வந்த பிள்ளையோடு பழகவிட்டதாக வானொலியில் சொன்னார். சில நாள் அவதிப்பட்டார்கள், பிறகு தேறிவிட்டார்கள் என்றார். தேறியவர்களின் அப்பாக்களுக்குத்தான் வானொலியில் பேசும் தெம்பு இருக்கும்.

நம் ஊரில் அழைப்பு அனுப்பிக் கூப்பிடுவதில்லை. “சும்மா போய் கொஞ்ச நேரம் இருந்துட்டு வா” என்பதோடு சரி.

சின்ன வயசுல வந்தா லேசா வந்து போயிடும்தானே?

பெரும்பாலும் ஆமாம். அதை மறைத்துப் பேசினால் என்னை நம்பமாட்டீர்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான குழந்தைக்குச் சின்னம்மை வந்தால், நாலைந்து நாள் காய்ச்சல், ஒரு வார அரிப்பு, பிறகு பொருக்கு உதிர்ந்து பழையபடி ஓடும். பத்து வயதுக்குள் வருவது இருபத்தைந்தில் வருவதைவிட நல்லது என்பதும் உண்மை. பெரியவர்களுக்கு நுரையீரல் அழற்சி வரும் வாய்ப்பு அதிகம்.

ஆனால் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லில் உங்கள் குழந்தை அடங்குமா என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. ஊசி வருவதற்கு முன், அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேருக்குச் சின்னம்மை வந்தது. அவர்களில் 10,500 முதல் 13,000 பேர் வரை மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 100 முதல் 150 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அதுவரை எந்த நோயும் இல்லாதவர்கள். சொறிந்த இடத்தில் கிருமி புகுந்து தோல் சீழ்ப்பிடிப்பது சாதாரணமாக நடப்பது. அது ரத்தத்தில் கலந்தால் உயிர் ஊசலாடும். சிறுமூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடும் குழந்தைகள் உண்டு, அவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் சரியாகிவிடுவார்கள். மூளையழற்சி அரிது. ஆனால் வந்துவிட்டால் யார் வீட்டிலும் அதை ‘அரிது’ என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒரு வீட்டில் முதலில் அம்மை வந்த பிள்ளையைவிட, அதனிடமிருந்து வாங்கிக்கொண்ட இரண்டாவது பிள்ளைக்கு முத்து அதிகமாக இருப்பது வழக்கம். நெருக்கமாக, நீண்ட நேரம் இருந்ததால் உள்ளே போகும் வைரஸின் அளவும் கூடுதல் என்பதுதான் சொல்லப்படும் காரணம். எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். எனக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் தொற்றிக்கொண்டு வந்தேன்; முதுகிலும் வயிற்றிலும் எண்ணிவிடக்கூடிய அளவுதான். வியாசர்பாடியில் ஒற்றை அறை வீடு, பதினைந்தாம் நாள் தம்பிக்கு இறங்கியது. தொண்டைக்குள்ளும் முத்து, கஞ்சி விழுங்க முடியாமல் அழுதான். நெற்றியில் இருந்த பள்ளத்தை மறைக்க இன்றைக்கும் தலைமுடியை முன்னால் இழுத்து வாருகிறான். ‘பார்ட்டி’யில் நீங்கள் ஏற்பாடு செய்து தருவது அந்தத் தம்பியின் இடத்தை.

மே மாச லீவுல வந்து போயிட்டா, பத்தாவது பப்ளிக் எக்ஸாம்ல வராதில்ல?

சென்னைப் பெற்றோரின் உண்மையான கவலை இதுதான் என்று எனக்குத் தெரியும். பரீட்சை நேரத்தில் அம்மை வந்து ஒரு வருஷம் போன பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன். மாசி தொடங்கிச் சித்திரை வரை இந்த நோய்க்குச் சீசன், நம் பரீட்சைகளும் அப்போதுதான்.

ஆனால் வைரஸுக்குக் காலண்டர் கிடையாது. ஒட்டியபிறகு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். ஏப்ரல் கடைசியில் விளையாட விட்டால் மே நடுவில் வரலாம். வராமலே போகலாம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் அதுவரை வராத மற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்குத் தொற்றும். ஆனால் ஒரு மணி நேர விளையாட்டு வீட்டோடு இருப்பது போல ஆகாது. லீவில் வராமல், எதிர்பார்க்காத நேரத்தில், வீட்டில் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தபிறகு முத்துப் போட்ட கதையும் உண்டு. பரீட்சைக் கவலைக்கு நேரான வழி எட்டாவது, ஒன்பதாவதிலேயே இரண்டு டோஸ் ஊசியையும் முடித்துவிடுவது. அதற்கு லீவு போட வேண்டியதில்லை.

நம்ம முன்னோருங்க இதைத்தானே பண்ணாங்க? ஊசியா போட்டாங்க?

எனக்குக் கோபம் வரும் கேள்வி இது. நம் பாட்டிமார் செய்தது இதற்கு நேர் எதிரானது.

அம்மை போட்ட வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகுவார்கள். அதைப் பார்த்ததும் தெருவில் போகிறவர் உள்ளே வரமாட்டார். பால்காரர் செம்பைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். வீட்டில் இருப்பவர்கள் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகமாட்டார்கள். பிள்ளைக்குத் தனிப் பாய், தனித் தட்டு, துவைத்த வெள்ளை வேட்டி விரிப்பு. கர்ப்பமாக இருக்கும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்றாம் தண்ணீர் முடிந்து, பொருக்கு உதிர்ந்தபிறகுதான் கதவு திறக்கும். எண்ணெய் தாளிக்கும் வாசம்கூட வெளியே போகக்கூடாது என்பார்கள். விருந்தாளி வராமலிருக்க அதைவிட நல்ல ஏற்பாடு என்ன!

இதெல்லாம் தொற்றுநோய்த் தனிமைதான். பக்தியின் மொழியில் சொல்லப்பட்டது. கிருமி என்ற சொல்லை அறியாதவர்கள், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும் என்பதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அந்த வேப்பிலையைத் தாண்டி உள்ளே பிள்ளையைத் தள்ளிவிட்டு, ‘இதுதான் நம் மரபு’ என்று சொல்வதை எந்தப் பாட்டியும் ஏற்கமாட்டாள்.

வேண்டுமென்றே நோயைக் கொடுத்துத் தடுக்கும் முறை இந்த நாட்டில் வேறொரு நோய்க்கு இருந்தது. பெரியம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததைத் தோலைக் கீறி உள்ளே செலுத்துவார்கள். வங்காளத்தில் அதற்கென்றே ஆட்கள் ஊர் ஊராக வந்தார்கள். பெரியம்மை பிடித்தால் பத்துக்கு மூன்று பேர் சாகும் காலம் அது, அதனால் அந்த அபாயத்தை ஏற்றார்கள். அப்படிக் குத்தியவர்களிலும் சிலர் இறந்தார்கள், அவர்களிடமிருந்து ஊருக்கும் பரவியது. 1802-ல் பெரியம்மையைத் தடுக்கும் பசுவம்மை ஊசி இந்தியாவுக்கு வந்தபின் பழைய முறையின் காலம் முடியத் தொடங்கியது. நம் கிண்டி கிங் நிறுவனம் 1899-ல் தொடங்கியதே பெரியம்மைக்கு ஊசி மருந்து செய்யத்தான். நல்ல வழி வந்ததும் ஆபத்தான வழியை விட்டவர்கள் நாம்.

என் பிள்ளைக்கு அம்மை ஊசி போட்டாச்சே. கார்டுல இருக்கு.

கார்டை எடுத்துப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன். தமிழில் எல்லாமே ‘அம்மை’ என்பதால் வரும் குழப்பம். பெரியம்மை வேறு, சின்னம்மை வேறு, மணல்வாரி என்கிற தட்டம்மை வேறு, பொன்னுக்கு வீங்கியைத் தாளம்மை என்பது வேறு. நான்குக்கும் நான்கு வேறு வைரஸ்.

சுகாதார நிலையத்தில் 9 மாதத்திலும் 16 மாதத்துக்குப் பிறகும் இலவசமாகப் போடுவது தட்டம்மை, ருபெல்லா ஊசி. தனியார் டாக்டர் போடும் எம்எம்ஆர் அதோடு பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டுமே சின்னம்மையைத் தடுக்காது. கார்டில் ‘வேரிசெல்லா’ என்று எழுதியிருந்தால்தான் சின்னம்மை ஊசி.

இடது தோளில் இருக்கும் தழும்பைக் காட்டி “இதோ அம்மை குத்தியிருக்கே” என்பவர்களும் உண்டு. இளையவர்கள் கையில் இருப்பது காசநோய்க்கான பிசிஜி தழும்பு. என் வயதுக்காரர்கள் கையில் இருப்பது பெரியம்மைத் தழும்பாக இருக்கலாம். அந்த நோய் ஒழிந்துவிட்டதாக 1980-ல் உலகம் அறிவித்தது, ஊசியும் நின்றது. இரண்டு தழும்புக்கும் சின்னம்மைக்கும் சம்பந்தமில்லை.

சரி, சின்னம்மை ஊசி எப்போ போடணும்? என்ன செலவு?

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அட்டவணைப்படி முதல் டோஸ் 15-ஆவது மாதம், இரண்டாவது அதற்கு 3 முதல் 6 மாதம் கழித்து. தவறவிட்டிருந்தால் எந்த வயதிலும் போடலாம். 13 வயதுக்குள் என்றால் இரண்டு டோஸுக்கும் இடையில் 3 மாதம், அதற்கு மேல் என்றால் 4 முதல் 8 வாரம். அரசு அட்டவணையில் இல்லாததால் தனியாரில்தான் போட வேண்டும். ஒரு டோஸ் இரண்டாயிரம் ரூபாய் வாக்கில் ஆகும், பிராண்டைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். இரண்டுக்கும் சேர்த்து நாலாயிரம் வாக்கில். சின்னத் தொகை என்று சொல்லமாட்டேன். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் அது வாடகைப் பணம். ஒரே நாளில் முடியாவிட்டால், முதல் டோஸை இப்போது போட்டுவிட்டு இரண்டாவதுக்குச் சீட்டுப் பணம் வரும் மாதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் டோஸே கடுமையான அம்மையைப் பெருமளவு தடுத்துவிடும்.

இந்த ஊசியை உருவாக்கியவர் ஜப்பானின் மிச்சியாக்கி தகஹாஷி, 1974-ல். ஓகா என்ற குடும்பப் பெயருள்ள மூன்று வயதுச் சிறுவனிடமிருந்து எடுத்த வைரஸைப் பலமுறை வளர்த்து, நோய் தரும் வலுவைக் குறைத்தார். இன்றும் உலகின் பெரும்பாலான சின்னம்மை ஊசிகளில் இருப்பது அந்த ஓகா வைரஸ்தான். ஒரு நோயாளிப் பையனின் பெயர் இப்படி ஊர் ஊராகப் போவது எனக்குப் பிடித்த விஷயம்.

அவசியம்னா கவர்மெண்டே இலவசமா போட்டிருக்குமே?

அரசு பட்டியலை நிரப்புவது எந்த நோய் அதிகம் குழந்தைகளைக் கொல்கிறது என்ற வரிசையில். தட்டம்மை, கக்குவான், நிமோனியா, வயிற்றுப்போக்கு முன்னால் நிற்கின்றன. சின்னம்மை அந்த வரிசையில் பின்னால். இன்னொரு காரணமும் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் போட்டால் நோய் சுற்றுவது குறையும், ஊசி போடாதவர்கள் பெரியவர்களானபின் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் 80 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து போட முடிந்தால் மட்டுமே தேசியத் திட்டத்தில் சேர்க்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது நாட்டுக்கான கணக்கு. உங்கள் ஒரு குழந்தைக்கு ஊசி வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

இங்கிலாந்துலயே போடறதில்லையாமே?

பழைய செய்தி. அங்கே நீண்ட காலம் எல்லாக் குழந்தைகளுக்கும் போடாமலிருந்தது உண்மை. சுற்றிலும் அம்மை இருந்தால் பெரியவர்களின் எதிர்ப்புச் சக்தி அவ்வப்போது தூண்டப்பட்டு, பழைய சின்னம்மை வைரஸ் பிற்காலத்தில் நரம்பு வழியே கொப்புளமாகத் திரும்பும் அக்கி வருவது குறையும் என்று நினைத்தார்கள். 2023-ல் அவர்களுடைய நிபுணர் குழு மனம் மாறி ஊசியைப் பரிந்துரைத்தது. 2026 ஜனவரியிலிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் என்று அரசும் அறிவித்தது. அமெரிக்கா 1995-லேயே தொடங்கிவிட்டது, இப்போது அங்கே நோய் 97 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

நோய் வந்து கிடைக்கிற எதிர்ப்புச் சக்திதானே பலம்?

ஆமாம், பலம்தான். ஒருமுறை சின்னம்மை வந்தவருக்கு மறுமுறை வருவது அபூர்வம். ஊசியின் இரண்டு டோஸ் பத்தில் ஒன்பது பேருக்குமேல் காப்பாற்றும், கடுமையான நோயைக் கிட்டத்தட்ட முழுக்கத் தடுக்கும். ஜப்பானில் ஊசி போட்டவர்களை 20 ஆண்டு கழித்துச் சோதித்தபோதும் எதிர்ப்புச் சக்தி நிலைத்திருந்தது. பலத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்காக, 250 முதல் 500 கொப்புளமும் அதோடு வரும் எல்லாமும் விலை.

‘இயற்கை’ என்கிறார்கள். இரண்டாம் மாடிக்கு லிஃப்டில் கூட்டிப்போய் ஒட்டவைப்பதில் என்ன இயற்கை இருக்கிறது?

ஊசி போட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கும் வந்துச்சே?

வரும். ஐம்பதுக்குள் முத்து, சில நேரம் கொசுக்கடி போல நீர் கோக்காத தடிப்பு மட்டும், காய்ச்சல் இல்லாமலோ லேசாகவோ. அம்மா கண்டுபிடிப்பதற்குள் போய்விடும். ஒரு டோஸோடு நின்றவர்களுக்கு இது கூடுதலாக வரும், அதனால்தான் இரண்டு. அந்தப் பையனிடமிருந்தும் மற்றவர்களுக்குத் தொற்றலாம் என்பதால் அவனும் ஒரு வாரம் வீட்டில்தான்.

வந்து போயிட்டா விஷயம் முடிஞ்சுதில்ல?

முடிவதில்லை. சின்னம்மை போனாலும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் ஒதுங்கிப் பல வருஷம் தூங்கும். வயதானபின், அல்லது உடல் தளர்ந்த நேரத்தில், ஒரு நரம்பின் வழியே இறங்கி இடுப்பிலோ மார்பிலோ முகத்திலோ பட்டையாகக் கொப்புளிக்கும். அதுதான் அக்கி. என் பெரியம்மாவுக்கு விலாவில் வந்தபோது குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டு வந்தார்கள். கொப்புளம் மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டது. நரம்பு வலி ஒன்றரை வருஷம் இருந்தது. ரவிக்கை போட முடியவில்லை, புடவையைச் சுற்றிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கண்ணருகே வரும் அக்கி பார்வையைக்கூடப் பறிக்கும், அதற்கு உடனே கண் டாக்டர் வேண்டும்.

ஊசியில் இருப்பதும் உயிருள்ள வைரஸ்தான், அதுவும் தங்கலாம். ஆனால் ஊசி போட்ட பிள்ளைகளுக்கு அக்கி வருவது, அம்மை வந்த பிள்ளைகளைவிட மிகவும் குறைவு. ஒட்டவைக்கும் பெற்றோர் பிள்ளைக்குச் சேர்த்துத் தரும் இந்தப் பாக்கியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

என் பிள்ளை, என் முடிவு. உங்களுக்கென்ன?

உங்கள் பிள்ளையோடு நின்றால் நானும் பேசாமலிருப்பேன். முத்து வெளியே தெரிவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே, நன்றாக ஓடியாடும் குழந்தையிடமிருந்து இது காற்றில் பரவத் தொடங்கிவிடும். நீங்கள் ஏற்பாடு செய்த அம்மை எங்கெங்கே போகும் என்று பாருங்கள்.

மூன்றாம் மாடியில் நான்கு மாதக் கர்ப்பிணி. 20 வாரத்துக்குள் அவளுக்கு வந்தால் வயிற்றுக் குழந்தைக்குக் கை கால் சூம்புவது, கண், மூளை பாதிப்பது, நூறில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்கு முத்துப் போட்டால், பிறந்த குழந்தைக்குக் கடுமையாகப் பிடிக்கும். தாயின் எதிர்ப்புப் பொருள் வந்து சேர நேரமில்லை, சிகிச்சை இல்லாவிட்டால் அதில் இறப்பு அதிகம். அதே மாடியில் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தை இருந்தால் அதற்குச் சின்னம்மை என்பது உயிர்ப் பிரச்சினை. அந்தக் குழந்தைக்கு ஊசியும் போட முடியாது. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர், ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் தாத்தா, வேலைக்கு வரும் அக்காவின் கைக்குழந்தை. இவர்களில் யாரையும் உங்கள் ‘பார்ட்டி’க்கு நீங்கள் அழைக்கவில்லை. லிஃப்ட் ஒன்றுதான்.

ஊசி போட்டா மாரியாத்தாவுக்குக் கோபம் வராதா?

மாமியார் கேட்கிறார் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் ஒரு பெண். சிரிக்காதீர்கள். ‘நோய்’ என்றே சொல்லாமல் ‘அம்மா வந்திருக்கா’ என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது உண்மையான பயம். என் அம்மா ஆடி மாதம் தவறாமல் பெரியபாளையம் போய் வேப்பஞ்சேலை கட்டியவர். நான் நர்ஸ் வேலைக்குப் போனபோது அவர்தான் சொன்னார்: “அம்மாவைக் கும்பிடறது அவ கருணைக்குத்தான். என் பிள்ளைக்கு முத்து போடுன்னு எவளாவது வேண்டிக்குவாளா?” பெரியம்மை போனபிறகும் மாரியம்மன் கோயில்களில் கூட்டம் குறைந்ததா என்று அந்த மாமியாரிடம் கேளுங்கள். திருவேற்காட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றால் பதில் தெரியும்.

ஸ்கூல்ல குடுத்த ஹோமியோ உருண்டை போதாதா?

சின்னம்மையை அது தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசிக்குப் பதிலாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

எனக்கே சின்ன வயசுல வந்துச்சான்னு தெரியாது.

அம்மாவைக் கேளுங்கள், நம் வீடுகளில் இதை யாரும் மறப்பதில்லை. அவருக்கும் நினைவில்லை என்றால் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பரிசோதனை செய்யலாம். செய்யாமலே ஊசி போட்டாலும் தீங்கில்லை. குளிர்நாடுகளைவிட வெப்ப நாடுகளில் பெரியவரான பிறகும் அம்மை வராமலிருப்பவர்கள் அதிகம், அதனால் “நம்ம ஊர்ல எல்லாருக்கும் வந்திருக்கும்” என்று இருந்துவிடாதீர்கள். குறிப்பாகக் குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது, போட்டபின் குறைந்தது ஒரு மாதம் கழித்தே கர்ப்பம் தரிக்க வேண்டும்.

வந்தே வந்துடுச்சு. வீட்டுல என்ன செய்யலாம், என்ன கூடாது?

வேப்பிலை வைத்துக்கொள்ளுங்கள். அரிக்கும்போது நகத்துக்குப் பதில் வேப்பங்கொத்தால் வருடிவிடுவது நல்ல பழக்கம். ஆனால் உடைந்த கொப்புளத்தின்மேல் அம்மியில் அரைத்த மஞ்சளும் வேப்பிலையும் அப்ப வேண்டாம், சுத்தமில்லாத விழுது புண்ணில் கிருமியை ஏற்றும். காலமைன் லோஷன் போதும். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிக்கலாம், ஒற்றைப்படை நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டால் அதையும் செய்துகொள்ளுங்கள், யாருக்கும் கெடுதல் இல்லை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இளநீர், மோர், நுங்கு, கூழ் எல்லாம் சரி. பருப்பும் முட்டையும் ‘சூடு’ என்று ஒதுக்காதீர்கள், புண் ஆற அது வேண்டும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய் வரலாம். இப்யூபுரூஃபனும் வேண்டாம், தோலில் கடுமையான கிருமித்தொற்றோடு அதற்குத் தொடர்பு கண்டிருக்கிறார்கள். மருந்துக் கடையில் “காய்ச்சல் சிரப்” என்று பொதுவாகக் கேட்டால் பாராசிட்டமாலோடு இப்யூபுரூஃபனும் கலந்ததைக் கொடுத்துவிடுவார்கள், லேபிளைப் படியுங்கள். 12 வயதுக்கு மேற்பட்டவர்கள், பெரியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்தால், வைரஸை அடக்கும் மருந்தான ஏசைக்ளோவிர் தருவதா என்று முடிவு செய்வார்.

எல்லா முத்தும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கூடம் இல்லை.

கை, பாதம், வாய் மூன்றில் மட்டும் கொப்புளம் இருந்தால் அது சின்னம்மையாக இல்லாமல் கை-கால்-வாய் நோயாக இருக்கலாம். ‘அம்மை வீடு’ என்று நம்பிப் பிள்ளையை அனுப்பி, இதை வாங்கிக்கொண்டு வந்தவர்களும் எங்கள் அடுக்ககத்தில் உண்டு.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

நான்காம் நாளுக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தால், விட்டுவிட்டுத் திரும்ப வந்தால். ஒரு முத்தைச் சுற்றி சிவந்து, வீங்கி, தொட்டால் சுட்டால். மூச்சு வாங்கினால், ஓயாமல் வாந்தி எடுத்தால், நடை தள்ளாடினால், எழுப்பினால் சரியாக விழிக்காவிட்டால், வலிப்பு வந்தால். கைக்குழந்தை என்றாலும் கர்ப்பிணி என்றாலும் எதற்கும் காத்திருக்க வேண்டாம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை அரசுடையது, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை மாநகராட்சியுடையது. 108 ஆம்புலன்ஸில் ஏற்றும்போதே “அம்மை” என்று சொல்லிவிடுங்கள், தனியே உட்காரவைப்பார்கள்.

சிஸ்டர், போன ஞாயித்துக்கிழமையே கூட்டிட்டுப் போயிட்டேன். இப்ப என்ன பண்றது?

கீழ்வீட்டு மருமகள்தான். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு, மாமியார் பேச்சைக் கேட்டுப் போயிருக்கிறாள். புதன்கிழமை காலை என் வாசலில் நின்றாள். திட்டுவதற்கு நேரமில்லை, நாளை எண்ணினோம்.

தொற்று பட்ட 3 நாளுக்குள், அதிகம் போனால் 5 நாளுக்குள் ஊசி போட்டால் நோய் வராமல் தடுக்கலாம், வந்தாலும் லேசாக்கலாம். அன்றே குழந்தை டாக்டரிடம் போய் முதல் டோஸ் போட்டாள். ஊசி போட முடியாதவர்கள், கர்ப்பிணிகள், குறைந்த எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் தொற்று பட்டிருந்தால் அவர்களுக்கு வேறு வழி உண்டு: எதிர்ப்புப் பொருளையே ஊசியாகக் கொடுப்பது. அதற்கு 10 நாள்தான் கெடு, விலையும் கூடுதல், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறகு அவள் வீட்டுக் காலண்டரில் இரண்டு வட்டம் போட்டேன். கூட்டிப்போன ஞாயிறிலிருந்து 8-ஆவது நாள் ஒன்று, 21-ஆவது நாள் ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் பிள்ளை பள்ளிக்கூடம், டியூஷன், பார்க் எதற்கும் போகக்கூடாது, மூன்றாம் மாடிக் கர்ப்பிணி பக்கம் தலைகாட்டவே கூடாது. அந்தப் பெண்ணிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், அவளுக்குச் சின்ன வயதில் வந்திருக்கிறதாம். கீழே இறங்கி வரும்போது பார்த்தேன், மருமகள் வாசலில் வேப்பங்கொத்து செருகிக்கொண்டிருந்தாள். “இன்னும் முத்தே போடலையேம்மா” என்றேன். “அதுக்கு இல்ல சிஸ்டர், யாரும் உள்ள வராம இருக்கத்தான்” என்றாள்.